சன்னலுக்கு முன்பே தைத்த திரை

ஏலகிரிக்குப் போகப்போகிற கேரவன் படத்தை நம் பள்ளித் தோழிகள் குழுவில் போட்டு மூன்று நாளாகிறது. ஆறு பேரும் கை தூக்கியாகிவிட்டது. ஒருத்தி, புளிச்சோறு என் பொறுப்பு என்கிறாள். ஒருத்தி, மலை ஏறினால் முட்டி பிடிக்குமா என்று டாக்டரையே கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். இன்னொருத்தி, புருஷன்மார் யாராவது வண்டியில் ஏறினால் பாதி வழியில் இறங்கிவிடுவேன் என்று மிரட்டுகிறாள். நான் மட்டும் வாயே திறக்கவில்லை. "இன்னாடி, உயிரோட கீறியா?" என்று நேற்றுக் கேட்டவளுக்குப் பதில்: கீறேன். இதை எழுதிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அந்தப் படத்தில் மடக்குக் கட்டிலையும் குட்டி அடுப்பையும் பார்த்திருப்பீர்கள். நான் விரலால் பெரிதாக்கிச் சன்னல்களை எண்ணினேன். இடது பக்கம் மூன்று தெரிந்தது. வலது பக்கம் தெரியவில்லை. தெரியாத பக்கத்தை நினைத்துக்கொண்டே மூன்று நாள் போய்விட்டது.

ஏலகிரிக்கு வீட்டோடு போவது எனக்குப் புதுத் திட்டம் இல்லை. பத்து வயதில் ஒரு கோடை முழுவதும் நாங்கள் போட்ட திட்டம் அதுதான். ஐந்தாவது முடித்து, ஆறாவதில் உங்கள் பெஞ்சில் வந்து உட்காருவதற்கு முந்திய கோடை. ஒரு மாதம் முந்தி என்னைத் தெரிந்திருந்தால் உங்களுக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும்.

திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலோரச் சாலைக்கும் நடுவில் எங்கள் வரிசை வீடு. ஓர் அறை, ஒரு சன்னல். காற்று தெற்கே துறைமுகப் பக்கமிருந்து திரும்பினால் கரித்தூள். வடக்கே எண்ணூர்ப் பக்கமிருந்து வந்தால் சாம்பல். கடலிலிருந்து நேராக வந்தால் கருவாட்டு வாசனையோடு கொஞ்சம் நல்ல காற்றும் வரும். ஆனால் அது எப்போது திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் சன்னலைச் சாத்தியே வைத்திருந்தோம். கொடியில் காயும் வெள்ளைத் துணி மதியத்துக்குள் புறா நிறமாகிவிடும் ஊரில், நைனா பழைய லுங்கியைக் கிழித்துச் சன்னல் இடுக்குகளில் கத்தி முனையால் செருகிவைப்பார். ஒவ்வொரு இடுக்காக, பல் விளக்குவது போல, பொறுமையாக. எங்கள் வீட்டில் சன்னல் என்பது சுவரில் பச்சை பெயிண்ட் அடித்த பகுதி. அவ்வளவுதான்.

அவ்வளவு அடைத்தும் அம்மாவுக்கு இழுப்பு நிற்கவில்லை. படுத்தால் இழுக்கும், குனிந்தால் இழுக்கும், சிரித்தால் கட்டாயம் இழுக்கும். அதனால் வேடிக்கையாக யாராவது பேச ஆரம்பித்தாலே கையை நீட்டித் தடுப்பாள். சிரிப்பைத் தவிர்த்துத் தவிர்த்து அவள் முகம் கோபக்காரி முகமாகிவிட்டது. தெருவில் அவளைக் கண்டு பயப்படுவார்கள். எனக்கே பயம்தான்.

கல்மண்டபம் டாக்டர் ஒருநாள் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மாத்திரை நான் குடுப்பேன்மா. காத்து நான் குடுக்க முடியாது. பத்து நாள் மலைப் பக்கம் கூட்டினு போப்பா இவங்கள."

மலை! எனக்குத் தெரிந்த மலை இரண்டு. துறைமுகத்துக்குள் கறுப்பாக ஒன்று, உப்பளத்தில் வெள்ளையாக ஒன்று. இரண்டும் ஆள் உயரத்துக்கு லாரியில் அள்ளிப்போனால் மறுநாள் பழையபடி நிற்கும். அந்த மாதிரி ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்தால் அம்மாவுக்கு எப்படிச் சரியாகும் என்று நினைத்தேன்.

நைனா லாட்ஜில் அறை எடுக்கலாம் என்றார். அம்மா முடியாது என்றாள். ஒரு கல்யாணத்துக்குப் போன ஊரில், அவள் இருமுவதைக் கேட்டுப் பக்கத்துப் பாய்க்காரி பாயை இழுத்துக்கொண்டு தள்ளிப் படுத்தாளாம். பிறகு யாரோ வந்து "டி.பி.யாம்மா?" என்று கேட்டார்களாம். அதற்கப்புறம் மீதி நேரமெல்லாம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தவள் அம்மா.

"இன்னொருத்தர் சுவத்துல சாஞ்சிகினு நான் இரும மாட்டேன்யா" என்றாள்.

நைனா தாடையைத் தேய்த்தார். "அப்ப நம்ம வூட்டையே தூக்கினு போவோம்" என்றார்.

சும்மா சொல்லவில்லை. அவர் வேலையே பெட்டிகளோடுதான். கப்பலில் வந்து இறங்கும் கண்டெய்னர்களை யார்டில் பழுது பார்ப்பது. பொட்டி என்றுதான் சொல்வார்கள். இடித்து நசுங்கினதை நிமிர்த்தி, துருப்பிடித்துப் பொத்தல் விழுந்த இடத்தில் தகடு வைத்து ஒட்டி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. ஓர் ஆள் பெட்டிக்குள் போவார். வெளியிலிருந்து கதவைச் சாத்தித் தாழ்க்கம்பிகளை இறக்கிவிடுவார்கள். உள்ளே இருப்பவர் கண் பழகும்வரை இருட்டில் நின்று சுற்றிலும் பார்க்க வேண்டும். எங்காவது ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. அந்த வழியாகத்தான் நடுக்கடலில் தண்ணீர் உள்ளே வரும். சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுக் குரல் கொடுக்க வேண்டும்.

"வெளிச்சம் கீதா?" என்று வெளியே இருந்து கேட்பார்கள்.

"கீது" என்றால் பெட்டி கெட்டுவிட்டது. "இல்ல" என்றால் பெட்டி தேறிவிட்டது. சோதனை நேரத்தில் இந்த இரண்டு பதிலைத் தவிர வேறு பேச்சு கூடாது. பேசினால் வெளியில் இருப்பவர் குழம்பிப்போவார் என்பது யார்டு சட்டம்.

லீவு நாளில் சாப்பாடு கொண்டுபோகும்போது நைனா என்னை உள்ளே அனுப்புவார். சின்னக் கண்ணுக்குச் சின்ன ஓட்டையும் தெரியும் என்பார். எனக்கு அது பெருமை. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வாசனை உண்டு, தெரியுமா உங்களுக்கு? தேயிலை ஏற்றிய பெட்டி, தோல் ஏற்றிய பெட்டி, முந்திரி ஏற்றிய பெட்டி. பலகைத் தரையில் வெறுங்காலோடு நின்று, என்ன சரக்கு எங்கே போயிற்று என்று மூக்காலேயே யோசித்துக்கொண்டிருப்பேன். இருட்டு அப்போது பயமில்லை. நைனா வெளியே இருக்கிறார் என்பதே போதும்.

அந்த வருஷம் யார்டில் ஓர் இருபதடிப் பெட்டியைக் கழித்துவிட்டார்கள். எடுத்துக்கோ, மழைக்கு முன்னால் இடத்தைக் காலி பண்ணு என்று மேஸ்திரி நைனாவிடம் சொல்லிவிட்டார். வண்டிக்கு அம்மாவின் தம்பி இருந்தார். லாரி ஓட்டுவதால் எனக்கு அவர் லாரி மாமா. ஜோலார்பேட்டைப் பக்கம் லோடு எடுக்கப் போகிறவர், போகிற வழியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு ஏலகிரியில் பத்து நாள் லாரியோடு நிறுத்திவைப்பதாகச் சொன்னார். முதலாளி கேட்டால்?

"பிரேக் போயிடுச்சின்னு சொல்லிகினா போச்சு. மல மேல மெக்கானிக்கு கெடைக்கறதுக்குள்ள அக்கா கொமரியா ஆயிடும்" என்றார்.

அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

திட்டம் போட்டோம், போட்டோம், அப்படிப் போட்டோம். கதவுப் பக்கம் அடுப்பு. வலது சுவரில் மேலும் கீழுமாக இரண்டு பலகைப் படுக்கை. மேல் பலகை அம்மாவுக்கு, ஏனென்றால் உயரத்தில் படுத்தால் அவளுக்கு இழுப்பு குறைவு. மூலையில் தண்ணீர் டிரம். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: பம்ப் ஸ்டவ், மண்ணெண்ணெய், ரசப்பொடி, போர்வை நாலு, கயிறு, என் ரிப்பன், காது அடைக்கப் பஞ்சு. கடைசியில் "சன்னல்" என்று எழுதச் சொன்னாள். கொண்டுபோகிற சாமான் பட்டியலில் சன்னல் எப்படி வரும் என்று கேட்டேன். எழுது என்றாள். எழுதினேன்.

வண்டி நிறுத்த அனுமதி கேட்டு மலையில் இருந்த வனத்துறை ஆபீசுக்கும் நான்தான் கடிதம் எழுதினேன். பதில் கார்டு வந்தது. இடம் உண்டு. குடிநீர் உண்டு. விறகு வெட்டக்கூடாது. குரங்குகள் உண்டு, கதவு சன்னல்களை மூடி வைக்கவும்.

கடைசி வரியை நைனா என்னை மூன்று தரம் படிக்கச் சொன்னார். "பாத்தியா, கெவுருமெண்டே சொல்லுது. மூடி வைக்கணுமாம்!"

"மூடுறதுக்கு மொதல்ல ஒண்ணு இருக்கணும்யா" என்றாள் அம்மா.

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். படுத்த இடத்திலிருந்து கை நீட்டித் திறக்கிற மாதிரி, தலைமாட்டில் ஒரு சன்னல். ஊரில் சாத்தியது சாத்தியபடி கிடக்கட்டும். மலையில் ஒன்று திறக்க வேண்டும். அதற்காகவே ஒருநாள் இழுப்பை மார்பில் பிடித்துக்கொண்டு என்னோடு வண்ணாரப்பேட்டைக்கு நடந்தாள். துண்டுத்துணிக் கூடையைப் பாதிக்குமேல் கலைத்து, மஞ்சளில் பச்சை இலை போட்டது ஒன்று எடுத்தாள். கடைக்காரர் சன்னல் அளவு கேட்டார். அம்மா காற்றில் இரண்டு கையை அகட்டிக் காட்டினாள். பிறகு இன்னும் கொஞ்சம் அகட்டினாள்.

திரையைக் கையாலேயே தைத்தாள். நாலு ஓரமும் மடித்து, மேலே கம்பி நுழைய வழிவிட்டு. வெட்டாத சன்னலுக்கு முன்பே திரை தயாராகிவிட்டது.

நைனா தினமும் வேலை முடிந்ததும் அந்தப் பெட்டியோடு மல்லுக்கு நின்றார். கழித்த பெட்டி என்பதால் அது சல்லடை. ஒவ்வொரு ஓட்டையாகத் தேடி, தேய்த்து, தகடு வைத்து, பட்டி பூசினார். மூன்று வாரத்தில் புதுப் பெட்டிபோல் ஆகிவிட்டது. சன்னல் எங்கே என்று அம்மா கேட்கும்போதெல்லாம் "கடசியா வெட்டிக்கலாம்" என்பார். ஒருநாள் அவள் விடவில்லை. நைனா குரல் இறங்கிச் சொன்னார்:

"இத்தினி நாளா ஒரு ஓட்ட உடாம அடச்சிகினு வர்றேன். நானே எப்டிடி அதுல ஓட்ட போடறது? மலைல குளிரு. மழ வேற. ஒரு சொட்டு உன் மேல படக் கூடாது."

லாரி மாமா டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டே குரல் கொடுத்தார்: "மாமு, அக்காவ மலைக்கு இட்டுகினு போறியா, சிங்கப்பூருக்கு ஏத்துமதி பண்றியா?"

அந்தக் கேள்விக்கு அன்று எல்லாரும் சிரித்தோம். அம்மாவும், கையை நீட்டித் தடுத்தபடியே, உதட்டோடு.

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும். வழக்கம்போல என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி நைனா பார்த்தார். கடைசியில் ஒரே ஓர் ஓட்டை மிச்சம் இருந்தது. வலது சுவரில், மேல் பலகையின் தலைமாட்டில், கடுகு அளவுக்கு. சாக்பீஸை எடுத்துக்கொண்டு கிட்டே போனவள், தற்செயலாகத் திரும்பி எதிர்ச் சுவரைப் பார்த்துவிட்டேன். அங்கே யார்டு இருந்தது. மங்கலாக, நிறத்தோடு, தலைகீழாக. மேலே மண், கீழே வானம். கிரேன் கொக்கி மேல்நோக்கித் தொங்கிற்று. சிவப்புப் பெட்டியும் நீலப் பெட்டியும் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஓர் ஆள் தலைகீழாக பீடி பிடித்துக்கொண்டு போனார். அந்தக் கடுகு ஓட்டை வழியாக முழு உலகமும் கவிழ்ந்து உள்ளே வந்திருந்தது.

"வெளிச்சம் கீதா?"

"இல்ல நைனா" என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்றுதான் வைத்துக்கொண்டேன். சன்னல் வராவிட்டாலும் இதுவாவது இருக்கட்டும் என்று.

கிளம்புவதற்கு முதல் நாள் மதியம். லாரி மேல் பெட்டி ஏறியாகிவிட்டது. உள்ளே பலகை, டிரம், அடுப்பு, தொங்கவிட்ட கரண்டிகள். சுவரெல்லாம் நைனா புதிதாக வெளிர்நீலம் அடித்திருந்தார், அம்மாவுக்கு வானம்போல இருக்கட்டுமே என்று. அதுவரை அம்மா அதற்குள் ஏறியதில்லை. நைனா அவளை ஏணியில் ஏற்றிவிட்டு, என்னையும் பின்னால் அனுப்பினார். கடைசியாக ஒரு தரம் சோதித்துவிடலாம் என்றார். "சாத்தறேன். நல்லா பாருங்க."

கதவு மூடிற்று. தாழ்க்கம்பிகள் இரண்டும் இறங்கின. அந்தச் சத்தத்தை நான் எத்தனையோ தரம் கேட்டவள்தான். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, அந்தச் சுவத்தப் பாரு" என்றேன்.

கண் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவள் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. எதிரே மங்கலாக யார்டு விரிந்திருந்தது. நைனா கையில் பட்டி உருண்டையோடு, லுங்கியை மடித்துக்கட்டி, கால் மேலாகத் தலை கீழாக, கூரையில் நடந்து வந்தார்.

"ஐயோ, உங்க நைனாவப் பாரேன்! வவ்வாலு!" என்றாள் அம்மா. சிரித்தாள். பத்து வயதுவரை நான் கேட்டிராத சிரிப்பு. கையை நீட்டித் தடுக்காத சிரிப்பு. எனக்கும் தொற்றி, இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

சிரிப்பு இருமலாயிற்று. இருமலின் அடியில் இழுப்பு தொடங்கிற்று. புது பெயிண்ட் நெடி அப்போதுதான் எனக்குமே உறைத்தது. அம்மா தடவித் தடவி மேல் பலகையில் ஏறி, அந்தக் கடுகு ஓட்டையில் மூக்கை வைத்தாள். எதிர்ச் சுவரில் உலகம் அணைந்தது. இருட்டில் அவள் மூச்சு மட்டும் ரம்பம்போல் போய்வந்தது.

"வெளிச்சம் கீதா?" வெளியே நைனா உற்சாகமாகக் கேட்டார்.

கதவைத் திற என்று ஏன் கத்தவில்லை? என் வயதில் இருக்கிற உங்களிடம் சொல்கிறேன், எனக்கு இன்றும் தெரியாது. சோதனையில் இரண்டு பதில்தான் உண்டு. எனக்கு அந்த இரண்டுதான் வாயில் இருந்தது. ஆபத்து என்று சொல்ல அந்தப் பெட்டிக்குள் ஒரே வார்த்தை.

"கீது நைனா! கீது! கீது!"

"எங்க?"

"அம்மா தலமாட்டுல!"

ஓடிவரும் காலடி. லாரிச் சட்டத்தில் ஏறும் சத்தம். சுவரை விரல் தடவும் சத்தம். பிறகு மெத்தென்று ஏதோ அழுந்திற்று. பட்டி. அவர் கட்டைவிரல். வெளிச்சம் கீது என்றால் அவர் கை வேறு என்ன செய்யும்? இருபது வருஷமாக அந்த ஒரு சொல்லுக்கு அந்த ஒரு காரியம்தான் செய்திருக்கிறது.

அம்மாவின் மூக்குக்கு நேராக அடைத்துவிட்டார்.

"இப்போ கீதா?"

கும்மிருட்டு. "இல்ல" என்றேன். அது உண்மை.

"சபாஷு!" என்றார் நைனா. காலடி விலகிப் போயிற்று.

அம்மா பலகையிலிருந்து சரிந்து இறங்கி, கையால் துழாவி, தொங்கிய கரண்டிகளில் ஒன்றை இழுத்துச் சுவரில் அடித்தாள். அடித்தாள், அடித்தாள். இரும்புப் பெட்டிக்குள் அந்தச் சத்தம் எங்கள் இருவர் மேலேயே திரும்பி விழுந்தது. லாரிக்கு அடியில் படுத்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்த மாமாவின் காதில்தான் முதலில் விழுந்திருக்கிறது. "யோவ் மாமு! அக்கா உள்ள கீதுயா!" என்று அவர் கத்தியதும், தாழ் விலகியதும், வெயில் ஒரு பாளமாக உள்ளே சரிந்ததும் ஒன்றாக நடந்தன.

அம்மா வெளியே ஒரு பழைய டயரில் உட்கார்ந்தாள். உதடு கறுத்திருந்தது. வெகுநேரம் கழித்து நிறம் திரும்பிற்று. நைனா அவள் எதிரே குந்தி உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலில் பட்டி அப்படியே ஒட்டியிருந்தது.

"பெயிண்ட் வாசனம்மா அது. ரெண்டு நாள் தொறந்து போட்டா போயிடும்."

அம்மா அந்த விரலைப் பார்த்தாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்: "நீ மூடத்தான்யா கத்துகினு கீற."

அன்று மாலையே நைனா காஸ் கட்டரால் சன்னல் வெட்டினார். விளிம்பை அரம் போட்டு மழுக்கி, கீல் வைத்து, கொக்கி வைத்து. வீட்டுக்கு வந்து "வெட்டிட்டேன்" என்றார். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "நல்லதுதான். நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். அதற்குமேல் அவளை அசைக்க முடியவில்லை. மறுநாள் காலை பெட்டியை இறக்கிவைத்துவிட்டு லாரி மாமா தனியாகப் போனார்.

திரும்பி வரும்போது மூடி இறுக்கிய பெரிய கண்ணாடி பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தார். உள்ளே ஒன்றுமில்லை. "மலக் காத்துக்கா. உச்சில நின்னு புடிச்சாந்தேன்."

அம்மா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "அடச்சி வெச்சா அது காத்தாடா?" என்று மூடியைத் திருகித் திறந்துவிட்டாள். அந்த பாட்டிலில் பல வருஷம் புளி இருந்தது.

அவளுக்கு மலையென்றால் பயம் என்று நைனா கடைசிவரை நம்பினார். அந்த ஓட்டையை மறைக்காமல் இருந்தால் போயிருப்போமே என்று நான் ரொம்ப நாள் நம்பினேன். இரண்டும் தப்பு. அவள் எதற்கும் பயப்படவில்லை. தன்மேல் உயிரை வைத்திருக்கிற ஒருவர் தன் மூச்சை எப்படி அடைப்பார் என்பதை அருகில் பார்த்துவிட்டாள், அவ்வளவுதான். அதற்கப்புறமும் அவரோடுதான் இருந்தாள், அந்த ஒரே அறையில், அந்தச் சாத்திய சன்னலோடு. சண்டைகூட இல்லை. சிரிப்பு மட்டும் திரும்பி வரவில்லை.

பெட்டியை யார்டு வாசலில் வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நைனா வெட்டிய சன்னலில் உட்கார்ந்து, உள்ளே போகிற லாரிகளுக்கு வாட்ச்மேன் கை காட்டிக்கொண்டிருப்பார். பஸ்ஸில் உங்களோடு எத்தனையோ தரம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஒருநாளும் சொன்னதில்லை.

அம்மா போய்ச்சேர்ந்த அன்று, எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, நைனா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். சன்னல் இடுக்குகளில் செருகியிருந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவினார். எல்லாம் கறுத்து இறுகிப்போயிருந்தன. கொக்கி துருப்பிடித்து அசையவில்லை. சுத்தியால் தட்டித் திறந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமல், "வெளிச்சம் கீதா?" என்று கேட்டார்.

"கீது நைனா."

அப்படியே நின்றார். அவர் கைகள் இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின.

அந்த மஞ்சள் திரை என்னிடம்தான் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். இலைகள் வெளுத்துவிட்டன, தையல் அப்படியே இருக்கிறது. கேரவன்காரருக்கு போன் போட்டு, சன்னல் என்ன அகலம் என்று கேட்டேன். இதுவரை எவரும் கேட்காததைக் கேட்கிறீர்களே என்று சிரித்துவிட்டு அளந்து சொன்னார். அம்மா அகட்டிக் காட்டிய கை அதைவிட நாலு விரற்கடை பெரிது. மடித்துத் தைத்தால் சரியாகிவிடும். ஊசி கோத்தேன். பிறகு எடுத்து வைத்துவிட்டேன். அவள் அகட்டிய கையை நான் எதற்காகக் குறுக்க வேண்டும்?

சரி, வருகிறேன். என் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள். திரையை மாட்ட மாட்டேன், மடியில் வைத்துக்கொண்டு வருவேன். எனக்கு எந்தச் சன்னல் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கதவைச் சாத்தப்போவது யார் என்பதையும்.